நாற்பதுக்கு ஒன்று

செப்டம்பர் 17, திங்கள்

நடந்த அநியாயம் இது. நேற்று அறுப்பின் பண்டிகை ஆராதனையில், நான் பதினான்கு மாதம் இழைத்துச் செய்த கிடாரை, இரண்டாம் பாட்டின் நடுவில் என் மைத்துனன் தியோடர் கீழே வைத்துவிட்டான். கடையில் வாங்கிய கிடாரை எடுத்து மீதிப் பாட்டை வாசித்தான். ஆராதனை முடிந்து வாசலில் அறுபது பேர் நிற்கையில், "கோவிச்சுக்காதீங்க மாமா, உங்க கிடாருக்குக் கழுத்து கோணல். மேல போனாச் சுருதி ஓடுது" என்றான்.

அவன் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். பாடகர் குழுவுக்குத் தலைவன் ஆனதிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவுவதில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற என் மனைவி ரஞ்சிதம், "ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

எனக்கும் கேட்டுச்சு. நாற்பத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருப்பவள் சொல்கிற சொல்லா அது?

நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இன்று காலை அவள் மகள் எப்சிபா வீட்டுக்கு, ஓசூருக்குப் போய்விட்டாள். "பத்து நாள் இருந்துட்டு வர்றேனுங்க" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிரஷர் மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன். பத்து நாளுக்கு அல்ல, முப்பது நாளுக்கு இருக்கிறது.

செப்டம்பர் 18, செவ்வாய்

கிடாரைக் கழற்றினேன். என் கிடாரில் கழுத்தும் உடலும் பசையால் ஒட்டியவை அல்ல. உள்ளிருந்து முடுக்கிய இரண்டு போல்ட்டில் நிற்கின்றன. பத்து நிமிடத்தில் கழுத்து தனியே வந்துவிடும்.

கிடாரின் கழுத்து உடலோடு ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். கம்பிகள் உடலின் நடுவில் குதிரை என்கிற சிறு மரக்கட்டையின் மேல் ஏறித்தான் போகின்றன. கழுத்து சாயாவிட்டால் கம்பி விரலுக்கு அடங்காத உயரத்தில் நிற்கும். அதிகம் சாய்ந்தால் கம்பி மரத்தில் இடித்து இரையும்.

இந்தச் சாய்வை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்தேன். உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் குழி வேண்டும். அந்தக் குழியைப் பதிக்கிற மர அச்சு, அதாவது பேட்டர்ன், செய்வது என் வேலை. அச்சின் பக்கங்களுக்கு லேசான சாய்வு இல்லாவிட்டால் அதை உருவும்போது மணல் இடிந்து வரும். நாற்பதுக்கு ஒன்று. நாற்பது மில்லி நீளத்துக்கு ஒரு மில்லி இறக்கம். அதையே கழுத்துக்கும் கொடுத்தேன். பொருந்தியது.

இன்று சாய்வை அளக்கிற பெவல் மட்டத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பதுக்கு ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாய்வு வேறு, கோணல் வேறு. சாய்வு நாம் கொடுப்பது. கோணல் தானாக வருவது. இந்த வித்தியாசம் தெரியாதவனுக்குப் பாடகர் குழு ஒரு கேடு.

செப்டம்பர் 20, வியாழன்

குழாயில் தண்ணீர் வந்து போய்விட்டது. எந்த நாள் வரும் என்பது ரஞ்சிதத்துக்குத்தான் தெரியும். மாடியில் குடியிருக்கும் பங்கஜவல்லி டீச்சர், "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க" என்று சொல்லி இரண்டு குடம் கொடுத்தார்.

செப்டம்பர் 22, சனி

இன்னொரு கழுத்து அறுக்கப் போகிறேன். அதே சாய்வு, அதே மூட்டு. இரண்டையும் தியோடர் முன்னால் வைத்து, எது கோணல் என்று காட்டச் சொல்வேன்.

பழைய ஜன்னல் சட்டம் ஒன்று பரணில் கிடந்தது. தேக்கு. ஆணி போன இடங்களை விட்டு எழுநூறு மில்லி நீளத்துக்கு நல்ல மரம் கிடைக்கிறது. பரணில் ஏற ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. சுவரோடு சேர்த்துப் போட்டு ஏறினேன். ஏறினால் ஏற முடிகிறது.

செப்டம்பர் 25, செவ்வாய்

என்னிடம் மிஷின் எதுவும் இல்லை. கைரம்பம், இழைப்புளி, இரண்டு உளி, இரண்டு கிளாம்ப், பெவல் மட்டம். சாய்வாக அறுப்பதில் கையை நம்பக் கூடாது என்பது என் கொள்கை. கண்ணையும் நம்பக் கூடாது. இருநூறு மில்லி நீளத்தில் ஒரு கட்டையை எடுத்து, ஒரு முனை அடுத்த முனையைவிட ஐந்து மில்லி தாழும்படி இழைக்க வேண்டும். அது நாற்பதுக்கு ஒன்று. அந்தக் கட்டையைக் கழுத்தின் அடியில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ரம்பத்தின் முகத்தை அதன்மேல் படுக்க வைத்து அறுத்தால், ரம்பம் கட்டை சொல்கிற வழியில்தான் போகும். மனிதன் சொல்கிற வழியில் போகாது.

கட்டையை இழைக்கவே இன்று முழுதும் போயிற்று. சாப்பாட்டுக்கு ரவை கிண்டினேன். அடிப்பிடித்தது.

செப்டம்பர் 27, வியாழன்

அறுத்துவிட்டேன். கோட்டுக்கு வெளியே அரை மில்லி விட்டு அறுத்து, மீதியை உளியால் சீவினேன். கழுத்தின் அடிமுகத்தில் சாக்பீஸ் தேய்த்து உடலோடு வைத்து அழுத்தினால் எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் வெள்ளை ஒட்டும். முதலில் இரண்டு மூலையில்தான் ஒட்டியது.

இதற்குப் பிறகுதான் கஷ்டம். மூட்டுக்கு நடுவே உப்புத்தாளை, சொரசொரப்பு கழுத்தின் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். ஒருவர் கழுத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தாளை உருவ வேண்டும். உருவ உருவ மேடு தேய்ந்து முகம் முழுதும் உட்காரும். போன முறை ரஞ்சிதம் உருவினாள். "இருவது ஆச்சுங்க, போதுமா?" என்று எண்ணிக்கொண்டே இழுப்பாள். நான் இன்னும் ஐந்து என்பேன். எப்போதும் இன்னும் ஐந்து.

இம்முறை சைக்கிள் டியூபை உடலைச் சுற்றிப் போட்டுக் கழுத்தை இறுக்கிக் கட்டினேன். தாளை நானே உருவினேன். டியூப் ஒரே பக்கமாக இழுத்தது. ஆறு முறை அவிழ்த்துக் கட்டினேன். வேலை முடிந்தது. ஒருவன் தனியாகச் செய்யக்கூடிய வேலைதான்.

இன்றோடு பத்து நாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பதினொன்றரைக்குத் தியோடர் வந்தான், கையில் தூக்குப்போசியோடு.

"மாமா, கோழிக்கொழம்பு. சுட வெச்சுச் சாப்பிடுங்க."

"நான் கேக்கல மாப்ள."

"கேட்டிருந்தாத்தான் அதிசயம்." உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். பட்டறைக் கட்டையின் மேல் புதுக் கழுத்தைப் பார்த்தான். "ஐயய்யோ, இன்னொன்னா?"

"கோணல்னு சொன்னயில்ல? எங்க கோணல், காட்டு." பெவல் மட்டத்தை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். "இதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மாமா. நான் காதுல கேட்டதைச் சொன்னேன். அஞ்சாவது கட்டுக்கு மேல போனா ஏறிப் பேசுது. எதனாலன்னு தெரியல. கழுத்து கோணலா இருக்கும்னு வாயில வந்துருச்சு."

"வாயில வந்துருச்சு. அறுபது பேருக்கு முன்னாடி."

"உங்க வாயிலயும் ஒண்ணு வந்துச்சுங்க மாமா. அக்காவை என்ன சொன்னீங்கன்னு நெனப்பிருக்குதுங்களா?"

"கொழம்ப வெச்சுட்டுப் போ."

போகும்போது வாசலில் நின்று, "தூக்குப்போசியைக் கழுவாமக் கொடுத்தீங்கன்னா உங்க தங்கச்சி திட்டுவா" என்றான். தங்கச்சி என்றது அவன் பெண்டாட்டியை. சிரிக்க வைக்கப் பார்க்கிறான். நான் சிரிக்கவில்லை.

குழம்பு நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல்.

அக்டோபர் 3, புதன்

ஆணியில் தொங்கிய ஸ்கேலை எடுத்து, கழுத்தின் குறுக்கே கட்டுகளாக நிற்கும் ஃபிரெட் கம்பிகளைப் பதிக்கிற கோடுகளைக் குறித்தேன். ஃபவுண்டரியில் என் கையில் இருந்த எஃகு ஸ்கேல். கோடு மயிரிழை போல இருக்கும். கடையில் விற்கிறவற்றில் கோடே அரை மில்லி தடிமன். முதல் கழுத்துக்கும் இதில்தான் குறித்தேன். கணக்கு நோட்டில் இருக்கிறது. கம்பியின் மொத்த நீளம் அறுநூற்றைம்பது. பன்னிரண்டாம் ஃபிரெட் சரிபாதியில், முந்நூற்று இருபத்தைந்தில்.

ஓசூரிலிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. போனவள்தான் செய்ய வேண்டும்.

அக்டோபர் 4, வியாழன்

தண்ணீர் வந்தது. பிடித்தேன். டீச்சருக்கு இரண்டு குடம் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, சனி

புதுக் கழுத்தை முடுக்கிக் கம்பி போட்டேன். கம்பி விரலுக்கு வெண்ணெய் போல அடங்குகிறது. எங்கேயும் இரையவில்லை. மூட்டில் ஒரு காகிதம் நுழையாது. இந்தச் சாய்வைக் கோணல் என்பவன் கண்ணாடி மாற்ற வேண்டும்.

ரஞ்சிதத்தின் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். கீழே எல்லாம் சேர்கிறது. மூன்றாம் ஃபிரெட்டில் சேர்கிறது. ஏழாவதில் சேர்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டில், திறந்த கம்பியின் அதே சுரம் மேலே கேட்க வேண்டிய இடத்தில், இரண்டு ஒலியும் ஒன்றையொன்று உரசுகின்றன. அலை அலையாக.

பழைய கழுத்தை மாட்டினேன். அங்கேயும் அதே அலை.

இது கம்பியின் குறையாக இருக்கும். திங்களன்று வேறு கம்பி வாங்க வேண்டும்.

அக்டோபர் 7, ஞாயிறு

எப்சிபா போன் செய்தாள்.

"அப்பா, சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"சாப்டேன்னு சொன்னேன்ல."

பின்னால் குக்கர் கத்தியது. "அப்பா, ஒண்ணு சொல்லணும், கத்தக் கூடாது. அம்மா இங்க வந்ததுலேர்ந்து பாடறதே இல்ல. மூணு ஞாயித்துக்கெழமை ஆச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் பாடறாங்க, அம்மா பாட்டுப் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு நிக்கறாங்க. வீட்டுல அரிசி களையறப்ப ஒண்ணு முணுமுணுப்பாங்கல்ல, அதுகூட இல்ல. என்னம்மான்னா, 'வாயை அசைக்கறதுக்குப் புஸ்தகம் எதுக்கு'ங்கறாங்க. எனக்குப் புரியல. என்னப்பா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அம்மாகிட்டக் குடு."

"குடுக்கட்டுமா? இருங்க." செருப்புச் சத்தம். கதவு. திரும்பி வந்து, "குளிக்கறாங்கப்பா" என்றாள். எப்சிபாவுக்குச் சிறு வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

சரி, எழுதிவிடுகிறேன். வாசலில் நான் சொன்னது: "நாப்பது வருஷமாப் பின் வரிசையில நின்னு வாயை மட்டும் அசைக்கற. உனக்கென்ன சுருதி தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். அதுவும் உண்மை.

அவள் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடுகிறவள். ஆல்ட்டோ தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் பாட்டு தொளதொளவென்று போகும்.

அக்டோபர் 8, திங்கள்

புதுக் கம்பி போட்டேன். அதே அலை.

அக்டோபர் 9, செவ்வாய்

ஃபவுண்டரியில் ஒரு விதி உண்டு. ஒரு வார்ப்பில் ஓட்டை விழுந்தால் மணல் அடித்த மோல்டரைக் கேள். அடுத்தடுத்து வருகிற வார்ப்பிலெல்லாம் அதே இடத்தில் விழுந்தால் மோல்டரை விட்டுவிட்டுப் பேட்டர்னைப் பார். இதை நானே எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன்.

இரண்டு கழுத்து, இரண்டு மரம், பதினான்கு மாத இடைவெளி. அதே அலை, அதே இடத்தில். கை தப்பினால் இப்படித் தப்பாது.

ஒரு கம்பியின் சரிபாதியில் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போல ஒலிக்கும். அந்த இடம் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தொட்டுத் தொட்டுத் தேடினேன். மணி ஒலித்தது ஃபிரெட்டுக்கு மேலே அல்ல. மூன்று மில்லி முன்னால்.

குதிரையின் இடத்தை நான் குறித்தது கடை டேப்பில், ஸ்கேலுக்கு நீளம் போதாததால். ஃபிரெட்டுகளைக் குறித்தது ஸ்கேலில். இரண்டையும் அருகருகே வைத்தேன். டேப்பில் முந்நூற்று மூன்று என்கிற இடத்தில் என் ஸ்கேல் முந்நூறு என்கிறது.

அது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல்.

வார்த்த இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் அச்சை நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவையும் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்று ஸ்கேலையே பெரிதாகச் செய்து கொடுப்பார்கள். அதில் ஒரு மில்லி என்பது ஒரு மில்லி அல்ல. இதைப் பழகுநர்களுக்கு முதல் நாளே சொல்வேன்: இந்த ஸ்கேலை வைத்து வீட்டில் எதையும் அளக்காதே, கதவு சேராது.

மரம் அப்படிச் சுருங்காது. ஆறிச் சுருங்கும் என்று நம்பி நான் ஒரு பாட்டையே பெரிதாகச் செய்து வைத்திருக்கிறேன்.

இன்று வேறு வேலை செய்யவில்லை. மத்தியானம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. மாத்திரை டப்பாவில் செவ்வாய் காலியாக இருக்கிறது, அதனால் மாத்திரை போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 10, புதன்

கழுத்து இரண்டும் குற்றமற்றவை. இதை முதலில் பதிவு செய்கிறேன். சாய்வு சரி, மூட்டு சரி. ஃபிரெட்டுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகியிருப்பதால் அவற்றுக்குள் சண்டை இல்லை. குதிரை மட்டும்தான் வேறு அளவில் நிற்கிறது. அதை ஆறரை மில்லி பின்னால் தள்ளினால் போதும்.

குதிரையைப் பசையால் ஒட்டியிருந்தேன். கத்தியைச் சுட வைத்து, அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்துப் பெயர்த்தேன். பெட்டிப் பலகையில் செய்த மேல்முகம். எங்கோ வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பெட்டி. நல்லவேளை, சிலாம்பு பெயரவில்லை. கம்பிகள் கிடாரின் கடைசியில் ஒரு தகட்டில் மாட்டியிருப்பதால் கம்பி அழுத்தத்திலேயே குதிரை நிற்கும். பசை தேவையில்லை. ஆறரை மில்லி தள்ளி நிறுத்தினேன்.

அலை பெருமளவு போய்விட்டது. முழுதும் போகவில்லை. அழுத்தும்போது கம்பி இழுபட்டுக் கொஞ்சம் ஏறும். அதற்காகக் குதிரை இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டும். எவ்வளவு என்று எந்த ஸ்கேலிலும் இல்லை. காதால்தான் பிடிக்க வேண்டும். நான் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் சரி என்றது என் காது. அரை மில்லி தள்ளினேன், அங்கேயும் சரி என்றது. இன்னும் அரை மில்லி. அங்கேயும் சரிதான்.

முப்பத்து நான்கு வருடம் இரும்புச் சத்தத்தில் நின்ற காது. இதைப் பற்றி டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். நான் அவரை மாற்றினேன்.

அக்டோபர் 11, வியாழன்

ஓசூருக்குப் போன் செய்தேன். எப்சிபா எடுத்தாள்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வை. பேச வேண்டாம். ஒரு சத்தம் கேக்கும்."

"யாருப்பா பேச வேண்டாம்?"

"யாரும்."

பன்னிரண்டாம் ஃபிரெட்டை அழுத்தி ஒரு முறை, திறந்து ஒரு முறை மீட்டினேன். அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. மறுபடி மீட்டினேன். எப்சிபா ஏதோ கேட்க வாயெடுத்தாள், யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

பிறகு ரஞ்சிதத்தின் குரல், தூரத்திலிருந்து. "இன்னும் கூடுதலா இருக்குங்க."

இருபத்து நான்கு நாளில் முதல் வார்த்தை. நான் குதிரையை நகர்த்தக் கையை வைத்தேன். நகர்த்தாமல் எடுத்துவிட்டேன். போனில் சரியாகக் கேட்காது, நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். தொழில் முறையில் அதுதான் சரி.

அக்டோபர் 12, வெள்ளி

செய்ய வேண்டியவை.

நான்: நாளைக் காலை ஆறு மணி பஸ். சேலம், தருமபுரி வழி. கிடாரைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உடல் கோணிப்பையில், கழுத்து துண்டில், போல்ட் இரண்டும் சட்டைப் பையில். கொண்டுபோவது பழைய கழுத்து. அதன் மூட்டு இருவர் கை பட்டது, புதியதைவிட நன்றாக உட்காருகிறது.

நான்: ஷ்ரிங்கேஜ் ஸ்கேலின் முனையில் சிவப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். இது முன்பே செய்திருக்க வேண்டியது.

பங்கஜவல்லி டீச்சர்: தண்ணீர் வந்தால் எனக்கும் நான்கு குடம். கேட்டுவிட்டேன், சரி என்றார்.

தியோடர்: "கோணல்" என்ற சொல்லை வாபஸ் வாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. சுருதி ஓடியது என்று அவன் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்வேன். கழுத்தைச் சொன்னது தவறு.

தியோடரின் பெண்டாட்டி: ஒன்றுமில்லை. தூக்குப்போசியைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன்.

நான்: ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கையில் சொல்ல வேண்டும். அளவு என்னுடைய தப்பு. அதைக் கேட்டுச் சொன்னவள் பின் வரிசையில் பாடுகிறவள். சிரித்தவர்கள் பெயர் எனக்குத் தெரியும், அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரஞ்சிதம் என்னோடு திரும்பாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

எப்சிபா: நாங்கள் உட்காருகிற அறையில் டிவியை நிறுத்த வேண்டும். நடுவில் பேசக் கூடாது.

நான்: போனதும் கிடாரை எடுக்கக் கூடாது. முதலில் அந்த வாசல் பேச்சைப் பற்றிப் பேச வேண்டும். அவள் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசக் கூடாது.

ரஞ்சிதம்: அவளுக்கு விருப்பம் இருந்தால், எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். விருப்பம் இல்லையென்றால் கிடார் அன்று கோணிப்பையிலேயே இருக்கட்டும்.

நான்: அவள் உட்கார்ந்தால், குதிரையைக் கால் கால் மில்லியாக நகர்த்த வேண்டும். அவள் "போதுங்க" என்றதும் கை நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று எனக்குத் தோன்றினாலும் நிற்க வேண்டும்.